வாய்ப்பூட்டு வதந்தியைக் கொல்லாது!

கைத்தொலைபேசியே இந்நாட்டைக் கெடுத்தது என்று கொழும்பிலே ஆட்சிபீடத்தில் அமர்ந்தோர் ஒருவர் பின் ஒருவராகக் கூறி வந்துள்ளனர். முகநூலும் வாட்ஸ்அப்பும் யூடியூப்பும் வருமுன்னர் இத்தீவிலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அண்ணன் தம்பிகளாய்க் கைகோத்து வாழ்ந்ததுபோலவும், இவை வந்த பின்னரே பகை முளைவிட்டதுபோலவும் அவர்கள் பேசுகின்றனர். ஆகவே இவற்றுக்குக் கடிவாளம் வேண்டும் என்கின்றனர். அக்கடிவாளம் தம் கையிலேயே இருக்க வேண்டும் என்றும் விரும்புகின்றனர்.

இக்கூற்றிலே பாதி மெய். மறுபாதி பெரும் பொய். பாதி மெய்யைக் காட்டிப் பெரும் பொய்யை விற்பது எமது ஆட்சியாளருக்குப் புதிய தொழில் அன்று. எனவே மெய் எது, பொய் எது என்பதைத் தமிழ் பேசும் மக்கள் முன்னிலையிலே பிரித்துக் காட்டுவது எமது கடமையாகின்றது.

மெய்யான பாதி

மெய்யை முதலில் ஒப்புக்கொள்வோம். 2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு அம்பாறை நகரிலே ஒரு முஸ்லிம் உணவகத்தில் நிகழ்ந்தது என்ன? உணவிலே கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை இது என்று ஒரு கூட்டம் கூச்சலிட்டது. காசாளராக இருந்தவரைச் சூழ்ந்து நின்று சிங்களத்திலே கேள்வி கேட்டது. அவருக்கோ சிங்களம் சரிவரத் தெரியாது. அச்சத்தினால் தடுமாறி, ஆம் என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டார். அதனை ஒளிப்பதிவு செய்து முகநூலிலே பரப்பினர். உணவகம் நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. உணவில் இட்டு ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை உலகிலேயே இல்லை என்பது மருத்துவம் அறிந்த எவருக்கும் தெரியும். ஆனால் பகுப்பாய்வாளரின் அறிக்கை வருமுன்னரே பொய் தன் வேலையை முடித்துவிட்டது.

அச்சுறுத்திப் பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை எந்த நீதிமன்றமும் ஏற்பதில்லை. முகநூல் என்னும் மன்றிலோ அதுவே தீர்ப்பாயிற்று.

அடுத்த வாரமே கண்டி மாவட்டம் எரிந்தது. தெல்தெனியவிலே வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். தாக்கியவர் மீது வழக்குத் தொடுப்பதே நீதி. ஆனால் அம்மரணம் ஓர் இனம் இன்னோர் இனத்தின்மீது தொடுத்த போராக முகநூலிலே சித்திரிக்கப்பட்டது. திகனவிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தீக்கிரையாயின. எரிந்த வீடொன்றினுள் ஓர் இளைஞர் மாண்டார்.

அந்நாட்களிலே, முஸ்லிம்களைக் கைக்குழந்தையும் தப்பாமல் கொல்லுங்கள் என்று சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு பதிவைக் குறித்து ஒருவர் முகநூல் நிறுவனத்திடம் முறையிட்டார். சில நாட்களின் பின் வந்த விடை யாது? அப்பதிவு தமது விதிகளை மீறவில்லை என்பதே! கொலை அழைப்பே விதி மீறல் அன்று என்றால், அந்த விதிகளை எழுதியவர் யார்? சிங்களம் படிக்கத் தெரிந்த எத்தனை பேரை அந்நிறுவனம் இவ்வேலைக்கு அமர்த்தியிருந்தது? மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014ஆம் ஆண்டிலேயே, அளுத்கமைக் கலவரம் நடந்த அதே ஆண்டில், முகநூலில் பரவும் இனவெறுப்பை ஆராய்ந்து நூலாக வெளியிட்டு எச்சரித்திருந்தது. நான்கு ஆண்டுகள் அந்த எச்சரிக்கை கேட்பாரற்றுக் கிடந்தது. 2020 மே மாதத்திலே, தாம் அமர்த்திய ஆய்வாளரின் அறிக்கை வெளியான பின்னரே, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பினால் எரிந்த வீடு எழுமோ? மாண்ட பிள்ளை மீள்வானோ?

இந்நிறுவனங்களின் வருமானம் விளம்பரத்திலிருந்து வருகின்றது. மக்கள் எவ்வளவு நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனரோ, அவ்வளவுக்கு விளம்பரப் பணம் பெருகும். அமைதியூட்டும் செய்தியைக் காட்டிலும் ஆத்திரமூட்டும் செய்தியே மனிதரைத் திரையோடு கட்டிப் போடுகின்றது. எவ்விடயத்துக்கு அதிகம் பேர் பதில் எழுதுகின்றனரோ, எதனை அதிகம் பேர் பகிர்கின்றனரோ, அதனையே இயந்திரம் மேலும் பலர் முன்னே கொண்டுபோய் வைக்கின்றது. வதந்தி பரப்புபவனுக்கு முன்னர் வீடு வீடாய் அலைய வேண்டியிருந்தது. இன்று அவனுக்காக ஓர் இயந்திரம் அலைகின்றது. அந்த அலைச்சலுக்குக் கூலியும் பெறுகின்றது. இதுவே மெய்யான பாதி.

1958இல் முகநூல் இருந்ததா?

இனி மறுபாதிக்கு வருவோம். பகையை விளைவித்தது முகநூல்தான் என்போரிடம் ஒரே கேள்வி கேட்கின்றோம். 1958ஆம் ஆண்டிலே இந்நாட்டில் முகநூல் இருந்ததா?

அவ்வாண்டு மே மாதத்திலே பாணந்துறையில் ஒரு வதந்தி கிளம்பிற்று. மட்டக்களப்பிலே படிப்பித்த பாணந்துறைச் சிங்கள ஆசிரியை ஒருவரைத் தமிழர் மார்பகம் அறுத்துக் கொன்றனர் என்பதே அவ்வதந்தி. அப்படியோர் ஆசிரியையே மட்டக்களப்பில் இருக்கவில்லை என்று பின்னர் தெரியவந்தது. ஆனால் அதற்குள் காடையர் பாணந்துறைக் கோயிலுக்குள் புகுந்து, பூசகரை வெளியே இழுத்துவந்து, உயிரோடு எரித்துவிட்டனர். அந்த வதந்தியை எந்தக் கைத்தொலைபேசி சுமந்தது? பொலன்னறுவைப் புகையிரத நிலையத்திலே மே 22ஆந் திகதி வன்செயல் தொடங்கிய பின்னும், 27ஆந் திகதி வரையில் அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்யாது பண்டாரநாயக்க அரசாங்கம் காத்திருந்ததே, அந்தத் தாமதத்துக்கு எந்த இணையத்தளம் பொறுப்பு?

1983 யூலையிலே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பதின்மூன்று படைவீரர் கொல்லப்பட்ட செய்தியை நாடெங்கும் அறிந்தனர். அதன் பின் அதே அயலிலே படையினர் பொதுமக்களைச் சுட்டுக் கொன்ற செய்தியோ தணிக்கையினால் மறைக்கப்பட்டது. சொன்னது பாதி, மறைத்தது பாதி! அவ்வாரம் வெள்ளிக்கிழமை, 29ஆந் திகதி, புலிகள் கொழும்புக்கு வந்துவிட்டனர் என்று ஒரு வதந்தி தலைநகரிலே ஓடிற்று. அன்றைய நாளிலும் தமிழர் வீதிகளிலே கொல்லப்பட்டனர். பொய் கொல்லும் என்பது எமக்குத் தெரியும். மெய்யை மறைத்தாலும் அது கொல்லும் என்பதும் எமக்குத் தெரியும். இரண்டையும் எமது உடம்பிலேயே படித்திருக்கின்றோம்.

அண்மைய உதாரணம் வேண்டுமா? 2019 மே மாதத்திலே குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்று கொட்டை எழுத்திலே முதற்பக்கத்தில் வெளியிட்டது முகநூல் அன்று. காகிதத்தில் அச்சிடப்பட்ட ஒரு சிங்கள நாளிதழ். வைத்தியர் கைது செய்யப்பட்டார். ஆதாரம் எதுவும் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அம்பாறையின் மாவுக்கட்டியும் குருநாகலின் தலைப்புச் செய்தியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அத்தாயின் பெயர் பேரினவாதம். அவள் ஒரு காலத்தில் மேடையிலே பேசினாள். பின்னர் பத்திரிகையிலே எழுதினாள். இன்று கைத்தொலைபேசியிலே ஒளிப்படம் காட்டுகின்றாள்.

பூட்டியவர் காத்தது யாரை?

சமூக ஊடகங்களைப் பூட்டுவதே பரிகாரம் என்போர், பூட்டிய போதெல்லாம் நிகழ்ந்தது என்ன என்பதை நினைத்துப் பார்க்கட்டும்.

2018இல் கண்டியில் வன்செயல் மார்ச் 4ஆந் திகதியே தொடங்கிவிட்டது. அவசரகால நிலை 6ஆந் திகதி வந்தது. முகநூலும் வாட்ஸ்அப்பும் 7ஆந் திகதி முடக்கப்பட்டன. வீடு எரிந்தபின் தீப்பெட்டியைப் பறித்த கதை இது. காவல் நிற்க வேண்டிய பொலிசாரிலும் அதிரடிப் படையினரிலும் சிலர் தாக்குதலிலே பங்குகொண்டனர் என்ற குற்றச்சாட்டும் அப்போது எழுந்தது. வேலியே பயிரை மேயும்போது வானொலியை நிறுத்தினாலென்ன, வாட்ஸ்அப்பை நிறுத்தினாலென்ன?

2019 ஏப்ரில் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. உடனே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஆனால் தாக்குதல் வரப்போகின்றது என்ற புலனாய்வு எச்சரிக்கை பல நாட்களுக்கு முன்னரே அரசின் கையில் இருந்தது. அதனை மக்களுக்குச் சொன்னவர் இல்லை. மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மாருக்கு அது தெரிவிக்கப்படவில்லை. கடமை தவறியமைக்காக அந்நாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் உயர் அதிகாரிகளும் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. உண்மையைப் பூட்டி வைத்தவர்களே, பின்னர் வதந்தியைப் பூட்டுகின்றோம் என்று புறப்பட்டனர்! அந்தப் பூட்டினால் பயனும் விளையவில்லை. மே மாதத்திலே சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் எழுதிய ஒற்றை ஆங்கில வரியைத் தவறாகப் பொருள் கொண்டு ஒரு கூட்டம் திரண்டது. குளியாப்பிட்டியும் மினுவாங்கொடையும் எரிந்தன.

2022 ஏப்ரிலில் இன்னுமொரு பூட்டு விழுந்தது. அப்போது எந்த இனக்கலவரமும் இல்லை. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் வாடினர். மின்வெட்டினால் இருளில் இருந்தனர். கோட்டாபய ராஜபக்ஷவை வீட்டுக்குப் போ என்றனர். ஊரடங்கின் நடுவே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன; எதிர்ப்பு வலுத்ததும் அன்றே திறக்கப்பட்டன. முஸ்லிம்களைக் காக்கவென்று செய்த பூட்டு, ஜனாதிபதியின் கதிரையைக் காக்கவும் அளவாக இருந்ததைக் கவனித்தீர்களா? பூட்டின் இயல்பே அதுதான். திறப்பை வைத்திருப்பவனுக்கே அது வேலை செய்யும்.

சட்டத்தின் வலையில் விழுந்தோர்

சட்டம் இல்லாமையினால்தான் இத்தனையும் நிகழ்ந்தன என்பார் உளர். அது மெய்யன்று. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கம், அதன் மூன்றாம் பிரிவிலே இன, மத வெறுப்பைத் தூண்டி வன்செயலுக்கு வழிவகுப்பதைக் கடுங்குற்றமாக்கியிருக்கின்றது. பிணை வழங்கும் அதிகாரமும் மேல் நீதிமன்றத்துக்கே உண்டு. இத்துணைக் கூரிய வாள் யார் கழுத்திலே விழுந்தது?

பௌத்த பிக்குகளைப் பற்றி முகநூலில் ஒரு சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019இல் நான்கு மாதங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். அதே ஆண்டு, கப்பற் சுக்கான் படம் போட்ட சட்டை அணிந்த முஸ்லிம் பெண்மணி ஒருவர், அது தர்மச்சக்கரம் என்று எவரோ எண்ணியமையால் சிறை சென்றார். 2020இல், பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு கருத்துப்போர் செய்வோம் என்று முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற முஸ்லிம் அரச ஊழியர் ஒருவர் ஐந்து மாதங்கள் அடைபட்டுக் கிடந்தார். அக்கைது அடிப்படை உரிமை மீறல் என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது, ஆனால் அந்த ஐந்து மாதங்களை எவர் திருப்பிக் கொடுப்பார்?

தமிழருக்கோ வேறொரு சட்டம் ஆயத்தமாக இருக்கின்றது. 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், 1982இல் நிரந்தரமாக்கப்பட்டு, இறந்தோரை நினைந்து முகநூலிலே விளக்குப் படம் இட்ட பிள்ளைகள்மீதும் பாய்ந்திருக்கின்றது. மட்டக்களப்பிலே பத்திரிகையாளர் ஒருவர் 2020 நவம்பரில் முகநூற் படங்களுக்காகக் கைதாகி, ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்தார். இவர் யார் வீட்டை எரித்தார்? எந்தப் பள்ளிவாசலை இடித்தார்?

இத்தனைக்கும் மேலே வந்தது நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். மசோதாவின் பல பிரிவுகளைத் திருத்தவேண்டும், இன்றேல் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும் என்று உயர் நீதிமன்றம் முன்னரே தீர்மானித்திருந்தது. ஜனவரி 24ஆந் திகதி 108 வாக்குகளால் 62 வாக்குகளுக்கு எதிராக அது நிறைவேறியது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழுவே சுட்டிக்காட்டிற்று. அச்சட்டம் நிறுவும் ஐவர் ஆணைக்குழுவை நியமிப்பவர் ஜனாதிபதி. அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் என்பது அதன்மேல் இட்ட முத்திரை. எது பொய் என்று முதலில் சொல்லும் அதிகாரம் அந்த ஐவருக்கு! நீதிவான் ஒருவர் சாட்சியம் கேட்டு, குறுக்கு விசாரணைக்கு இடங்கொடுத்து, காரணங் காட்டித் தீர்மானிக்க வேண்டிய ஒன்றை, ஜனாதிபதியின் நியமனத்தர் தீர்மானிப்பதை நாம் ஏற்கோம். 1958இலும் 1983இலும் எது மெய் என்று முடிவு செய்தது அரசாங்கமே. அந்த முடிவின் பலனை அனுபவித்தவர்கள் நாம்.

தமிழர் கைத்தொலைபேசியை நாடியது ஏன் என்பதையும் சொல்லிவிடுகின்றோம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. 2000இல் நிமலராஜன், 2005இல் சிவராம் கொல்லப்பட்டனர். 2006 மே 2ஆந் திகதி உதயன் அலுவலகத்துள் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். எம்மவர் துப்பாக்கிகளும் வாய்கள் பலவற்றை மூடியதை நாம் மறைக்கவில்லை. இவ்வாறு பேச இடமில்லாது போன மக்களுக்குக் கைத்தொலைபேசியே பத்திரிகையாயிற்று. கிளிநொச்சியிலே 2017 பெப்ரவரி 20ஆந் திகதி வீதியோரத்தில் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரது முகங்களை உலகம் கண்டது அதன் வழியே. அந்த வாசலையும் அடைத்துவிட்டு, நாட்டுக்குச் சமாதானம் வந்துவிட்டது என்று சொல்லப் போகின்றார்களா?

நாம் கேட்பது

எவரும் எதையும் சொல்லலாம் என்பது எமது கட்சியன்று. கொலைக்கு அழைப்பவனுக்குப் பேச்சுரிமை இல்லை. நாம் கேட்பன மூன்று.

முதலாவது, இந்நாட்டிலே வியாபாரம் செய்யும் சமூக ஊடக நிறுவனம் சிங்களமும் தமிழும் நன்கறிந்த ஆட்களைப் போதிய தொகையில் அமர்த்த வேண்டும். எத்தனை முறைப்பாடு வந்தது, எதனை எக்காரணத்தால் அகற்றிற்று, எதனை விட்டது என்று கணக்குக் காட்ட வேண்டும். கொலை அழைப்பை விட்டுவைத்து, நினைவேந்தற் படத்தை அகற்றும் விந்தைக்கு அது விளக்கம் தர வேண்டும்.

இரண்டாவது, வெறுப்புப் பேச்சைத் தண்டிக்க இருக்கின்ற சட்டம் போதும். அது வலியவன்மீதும் பாய வேண்டும். பதிவை அகற்றும் கட்டளை நீதிமன்றத்திலிருந்து வரவேண்டும், ஆணைக்குழுவிலிருந்து அன்று. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் ஏட்டிலிருந்தே நீக்க வேண்டும்.

மூன்றாவது, நெருக்கடி நேரத்திலே அரசாங்கம் உண்மையை உடனே, சிங்களத்தில் சொல்லும் அதே மணிக்குத் தமிழிலும் சொல்ல வேண்டும். சிங்கள அறிவித்தல் காலையிலும் தமிழ் அறிவித்தல் மாலையிலும் வந்தால், இடைப்பட்ட நேரம் முழுவதும் வதந்தியின் ஆட்சியே நடக்கும்.

எமது முற்றத்தையும் கூட்டுவோம்

இனி எம்மவரிடம் ஒரு வார்த்தை. உயிர்த்த ஞாயிறுக்குப் பின்னர், குடிநீரிலே நஞ்சு கலந்துவிட்டனர் என்ற பொய் நாட்டிலே ஓடியபோது, எமது கைத்தொலைபேசிக்கும் அது வந்தது. அனுப்பியவர் சிங்களப் பேரினவாதி அல்லர், படித்த தமிழர், எம்மோடு மேடையேறியவர். யாரிடம் கேட்டறிந்தீர்கள் என்று வினவினோம். வந்தது, அனுப்பினேன் என்றார். 1958இலே பாணந்துறையில் அந்த வதந்தியைச் சொன்னவர்களும் இதையேதான் சொல்லியிருப்பர்.

முஸ்லிம் சகோதரரைப் பற்றிக் கிழக்கிலே உலாவும் கதைகள், அரசியலுக்கு வரும் தமிழ்ப் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி எழுதும் அசிங்கம், மாற்றுக் கருத்துடையோன் நெற்றியிலே துரோகி என்று ஒட்டும் சீட்டு, சாதியின் பெயராற் சொரியும் வசை, இவையெல்லாம் கொழும்பிலிருந்து எமக்கு இறக்குமதியாகவில்லை. எமது விரல்களே இவற்றை எழுதுகின்றன. பேரினவாதத்தின் ஆயுதத்தை நாம் கையிலெடுத்துக்கொண்டு நீதி கேட்க நின்றால், எமது வழக்கு முதலாம் தவணையிலேயே தோற்றுவிடும்.

1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஒரு விதியைச் சொல்கின்றது. வாய்மொழிச் சாட்சியம் நேரானதாக இருத்தல் வேண்டும். கண்டதைக் கண்டவனே சொல்ல வேண்டும். கேட்டதைக் கேட்டவனே சொல்ல வேண்டும். ஊரார் சொன்னார்கள் என்ற பேச்சுக்கு நீதிமன்றத்திலே இடமில்லை. ஒரு பசுவின் களவுக்கே அத்தனை எச்சரிக்கை வேண்டுமென்றால், ஓர் இனத்தின்மீது சுமத்தும் குற்றத்துக்கு எத்துணை எச்சரிக்கை வேண்டும்! கண்டவர் யார், எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விக்கும் விடையில்லாத எச்செய்தியையும் இனி எம் விரல் முன்னனுப்பாது என்று தமிழ் பேசும் மக்கள் ஒவ்வொருவரும் உறுதி பூணட்டும்.

இவ்வுறுதிக்கு வர்த்தமானி அறிவித்தல் வேண்டியதில்லை, ஆணைக்குழுவும் வேண்டியதில்லை. எமது பொய்யை நாமே நிறுத்துவோம். அதன் பின், எமது மெய்யை நிறுத்த வருபவன் எவனாயினும், அவனை மன்றிலும் மக்கள் முன்னும் சந்திப்போம்!